பெரிய கோயிலின் நிழல்

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாதாமே, எப்படி மாமா என்று கேட்டிருக்கிறாய். அதைச் சொன்னவரும் கேட்ட நீயும் அங்கேதானே நின்றீர்கள்? கொஞ்சம் குனிந்து பார்த்திருக்கலாம்.

கோபித்துக்கொள்ளாதே. உன் வயதில் நானும் நம்பியவன்தான். பிறகு ஒரு மாசி மாதம், காலை பத்து மணி இருக்கும், செருப்பை வெளியே விட்டுவிட்டு வலம் வந்தேன். தெற்குப் பக்கம் தரை சுட்டது. ஓட்டமும் நடையுமாக மேற்கே திரும்பியதும் உள்ளங்கால் சில்லென்றது. விமானத்தின் நிழல்! அதில் உட்கார்ந்து ஒரு குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. "இந்தக் கோபுர நிழல் கீழே விழாதுடா" என்று அப்பா பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் சோற்றில் மும்முரமாக இருந்தான்.

இந்தக் கதைக்கும் ஒரு வேர் உண்டு. விமானத்தின் உயரம் சுமார் 200 அடி. அடித்தளம் பக்கத்துக்குச் சுமார் 100 அடி. நடுவிலிருந்து விளிம்புக்கு 50 அடி. ஜூன் மாத நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து கொஞ்சம்தான் வடக்கே சாய்ந்திருக்கும். அப்போது உச்சியின் நிழல் தெற்கே 45 அடிதான் நீளும். தன் மேலேயே விழுந்துவிடும். ஏப்ரல் 18, ஆகஸ்ட் 24 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். அந்த நண்பகலில் கொடிக்கம்பத்துக்கும் நிழல் இராது, உனக்கும் இராது. கோடை மதியத்தில் பார்த்தவர் சொன்னது சரிதான். அதை வருஷம் முழுவதற்கும் நீட்டியது ஊர்வாய்.

கோயிலைக் கட்டியவர்கள் எதையும் எழுதாமல் விடுகிறவர்கள் இல்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடு, நாளுக்கு ஓர் உழக்கு நெய் என்று கல்லில் வெட்டி வைத்தவர்கள். நிழலை ஒளித்திருந்தால் சொல்லாமல் இருப்பார்களா? கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் அங்கே இருக்கிறது. நிழல் கதை தெரிந்த பத்துப் பேரில் ஒருவருக்காவது அந்தப் பெயர் தெரியுமா என்பதுதான் என் வருத்தம்.

'பொன்னியின் செல்வன்' நாவலைப் பற்றியும் கேட்டிருந்தாய். நந்தினி கல்கியின் கற்பனை. வந்தியத்தேவன் மெய்யாக இருந்தவர். ராஜராஜ சோழனின் அக்கா குந்தவையின் கொடைகளைச் சொல்லும் கல்வெட்டு அவரை வந்தியத்தேவரின் தேவியார் என்கிறது. குதிரையும் குறும்பும் கல்கி கொடுத்தவை. நந்தினி இல்லை என்று தெரிந்த பிறகும் அவள் வரும் பக்கங்களை நான் வேகமாகப் புரட்டியதில்லை.

அரையாண்டு விடுமுறைக்கு வருவாய் அல்லவா? டிசம்பர் நண்பகலில் நிழல் வடக்கே 130 அடிக்கு மேல் போகும். சண்டிகேசுவரர் சந்நிதிப் பக்கமாக நின்று பார்ப்போம். அளவு நாடாவை நீ கொண்டு வா, புளியோதரை என் பொறுப்பு.

அன்புடன்,
மாமா