விளையும் பயிர் முளையிலே தெரியுமா?

முன்னுரை

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் இரண்டு முளைகள் அருகருகே நின்றால், எது நெடிது வளரும் என்று சொல்வது அத்தனை எளிதன்று. மாலை மணி அடித்ததும் கூடைப்பந்துத் திடலுக்கு ஓடும் நம் தோழியர், அணிக்கு ஆள் எடுக்கும் நாளில் இதை நன்கு உணர்ந்திருப்பர். ஏற்கெனவே அணியில் இருக்கும் இளையவளை நம்பி இருப்பதா? புதிதாக வருபவளை எடுப்பதா? இதே கேள்வியை அமெரிக்காவில் பெரும் பொருட்செலவில் ஆண்டுதோறும் ஆராய்கின்றனர். அங்கு 1984ஆம் ஆண்டு நடந்த ஒரு தேர்வு நமக்கு நல்ல பாடமாகும். அதனை இக்கட்டுரையில் காண்போம்.

டிராஃப்ட் என்பது யாது?

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து அணிகள் என்.பி.ஏ. என்னும் அமைப்பின்கீழ் ஆடுகின்றன. கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் இளைஞர்களை இவ்வணிகள் ஆண்டுக்கு ஒருமுறை, ஒருவர்பின் ஒருவராக முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். இதற்கே டிராஃப்ட் என்று பெயர். அதிகம் தோற்ற அணிகளுக்கு முன்வரிசை கிடைக்கும். வலிமையெல்லாம் ஓரிடத்தில் குவிந்துவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இன்று முதல் சில இடங்களைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கின்றனர். 1984இல் முதலிடத்துக்காக நாணயம் சுண்டினர். ஹூஸ்டன் அணி வென்றது. போர்ட்லண்ட் அணிக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. போர்ட்லண்ட் அணி அவ்வாண்டு நன்றாக ஆடிய அணிதான். இண்டியானா அணியின் முறையை முன்பே பரிமாற்றத்தில் பெற்றிருந்ததால் அதற்கு இந்த வாய்ப்பு வந்தது.

போர்ட்லண்டின் கணக்கு

ஹூஸ்டன் அணி, நைஜீரியாவில் பிறந்த ஹக்கீம் ஒலாஜுவானை எடுத்துக்கொண்டது. மீதமிருந்தவர்களுள் இருவர் மீது அனைவர் கண்ணும் விழுந்தது. ஒருவர் 7 அடி 1 அங்குல உயரமுள்ள சாம் போவி. மற்றவர் 6 அடி 6 அங்குல உயரமுள்ள மைக்கேல் ஜோர்டான்.

ஆனால் ஜோர்டான் ஆடும் அதே இடத்தில் ஆட, போர்ட்லண்டிடம் ஏற்கெனவே கிளைட் டிரெக்ஸ்லர் என்னும் இளைஞர் இருந்தார். முந்திய ஆண்டு, 1983இல், 14ஆம் இடத்தில் எடுக்கப்பட்டவர் அவர். "நமக்கு டிரெக்ஸ்லர் இருக்கிறார், வளையத்தின் அருகே நிற்க உயரமான ஆள்தான் வேண்டும்" என்று அணியினர் எண்ணினர். அவ்வெண்ணத்திற்கும் காரணம் உண்டு. 1977இல் அவர்கள் பட்டம் வென்றபோது பில் வால்டன் என்ற உயரமான ஆட்டக்காரரே அணியின் தூணாக விளங்கினார். எனவே போவியை எடுத்தனர். மூன்றாம் இடத்திலிருந்த சிகாகோ அணிக்கு ஜோர்டான் கிடைத்தார்.

திறமையை அளக்கும் கோல்கள்

முதலாவது, வயது. போவிக்கு அப்போது 23 வயது. டிரெக்ஸ்லருக்கு 22 நிறையச் சில நாட்கள் இருந்தன. ஜோர்டானுக்கு 21. 'பழையவர்' என்று நாம் நினைக்கும் டிரெக்ஸ்லர், 'புதியவர்' போவியைவிட இளையவர்! ஆகவே அணிக்கு வந்த ஆண்டைப் பார்த்தால் போதாது. பிறந்த ஆண்டையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஆடிய நேரம். டிரெக்ஸ்லர் முதலாண்டில் ஆட்டத்துக்குச் சராசரி 7.7 புள்ளிகளே எடுத்தார். குறைவுதான். ஆனால் 48 நிமிட ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்தது சுமார் 17 நிமிடமே. அடுத்த ஆண்டு அது சுமார் 32 நிமிடமாயிற்று, புள்ளிகளோ 17.2 ஆயின. நேரம் இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. புள்ளிகள் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டன. மறைந்திருந்த திறமையோடு வளர்ச்சியும் சேர்ந்தது என்பதை இக்கணக்கு காட்டுகிறதன்றோ?

மூன்றாவது, சூழ்நிலை. ஜோர்டான் தம் கடைசிக் கல்லூரி ஆண்டில் சராசரி 19.6 புள்ளிகள் எடுத்தார். அவர் ஆடிய வட கரோலினாப் பல்கலைக்கழக அணியில் பந்தை அனைவரும் பகிர்ந்து ஆடுவது வழக்கம். சிகாகோவில் முதலாண்டிலேயே அது 28.2 ஆக உயர்ந்தது. பொதுவாகக் கல்லூரியைவிடக் கடினமான களத்தில் புள்ளி குறையும். அவருக்குக் கூடியது! எனவே எண்ணைப் பார்ப்பவர், அந்த எண் பிறந்த இடத்தையும் பார்க்க வேண்டும்.

நான்காவது, உடல்நலம். போவி காலெலும்பு முறிவால் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் ஆடவில்லை.

பின்னர் நடந்தவை

போவி முதலாண்டில் 76 ஆட்டங்கள் ஆடி, சராசரி 10 புள்ளிகள் எடுத்தார். அது நல்ல தொடக்கமே. ஆனால் மீண்டும் மீண்டும் கால் முறிந்ததால் அடுத்த நான்கு ஆண்டுகளில் 63 ஆட்டங்களே ஆட முடிந்தது. அதற்காக அவரைக் குறை கூறலாகாது.

டிரெக்ஸ்லர் மீது போர்ட்லண்ட் வைத்த நம்பிக்கை வீணாகவில்லை. அவர் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவரானார். ஆயினும் 1992 இறுதிப் போட்டியில் அவருடைய அணியை 4-2 என்று வென்றது ஜோர்டானின் சிகாகோ அணியே. ஜோர்டான் மொத்தம் ஆறு முறை பட்டம் வென்றார். டிரெக்ஸ்லர் பின்னர் ஹூஸ்டன் அணிக்குச் சென்று, தம் கல்லூரித் தோழர் ஒலாஜுவானுடன் சேர்ந்து 1995இல் பட்டம் பெற்றார்.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. "நம்மிடம் இருப்பவர் நல்லவரா?" என்பது ஒரு கேள்வி. "வருபவர் இன்னும் சிறந்தவரா?" என்பது வேறு கேள்வி. முதற் கேள்விக்குப் போர்ட்லண்ட் சரியான விடை கண்டது. அந்த விடையையே இரண்டாவதற்கும் போதுமென்று எண்ணியது. காலியிடத்தைப் பார்த்த கண்கள் ஆளைப் பார்க்கத் தவறின.

முடிவுரை

இதை எழுதும்போது என் தவறு ஒன்றும் நினைவுக்கு வருகிறது. சென்ற ஆண்டு எங்கள் ஹவுஸ் அணிக்கு நான் தலைவி. புதிதாகச் சேர்ந்த உயரமான மாணவி ஒருத்தியைக் கண்டதும், ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அணியிலிருந்து நீக்கினேன். "நான்கு ஆட்டத்தில் ஐந்து கூடைதானே போட்டாள்" என்று அவள் காதுபடவே சொன்னேன். அவள் அதன்பின் திடல் பக்கமே வரவில்லை.

இக்கட்டுரைக்காகப் படித்தபின் என் பழைய குறிப்பேட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். அந்த நான்கு ஆட்டங்களிலும் நான் அவளை ஆடவிட்டது மொத்தம் 12 நிமிடம். நிமிடக் கணக்கில் என்னைவிட அவளே முன்னின்றாள்! மறுநாள் இடைவேளையில் அவள் வகுப்பறைக்கே சென்று, கணக்கைக் காட்டி அழைத்தேன். முதலில் தலைகுனிந்து நின்றாள். மாலையில் காலணியோடு வந்துவிட்டாள்.

அன்புத் தோழியரே! பயிர் முளையிலே தெரியலாம். ஆனால் அதற்கு நீர் விட்டோமா, வெயில் பட்டதா என்பதையும் கேட்டறிந்த பின்னரே தீர்ப்புச் சொல்வோம் என்று கூறி என் கட்டுரையை முடிக்கிறேன்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி