ஸ்டேஜிங் போடப்போகும் தங்கைக்கு



டெஸ்டுக்கும் புரொடக்‌ஷனுக்கும் நடுவில் ஸ்டேஜிங் சேர்க்கும் வேலை உன்னிடம் வந்திருப்பதாக எழுதியிருந்தாய். பைப்லைனில் டெஸ்டுக்கு இருக்கும் யாம்ல் பகுதியை அப்படியே நகலெடுத்துப் பெயரை மாற்றினால் போதாதா என்று கேட்டிருக்கிறாய். ஓடும். ஆனாலும் அப்படிச் செய்யாதே.

நகலோடு பில்டு செய்யும் படியும் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக பில்டு போட்டால், நீ சோதித்தது ஒன்று, வாடிக்கையாளர் கைக்குப் போவது வேறொன்று. இடையில் ஏதாவது ஒரு லைப்ரரி புதிய பதிப்புக்குத் தாவியிருக்கும். ஜெஸ் ஹம்பிளும் டேவிட் ஃபார்லியும் 2010-இல் எழுதிய 'கன்டினியூவஸ் டெலிவரி' நூல் வற்புறுத்துவது இதைத்தான்: பில்டு ஒரே தடவை. அந்த ஒரே இமேஜ்தான் டெஸ்ட், ஸ்டேஜிங், புரொடக்‌ஷன் என்று நகர வேண்டும். 'லேட்டஸ்ட்' டேகை நம்பாதே. இமேஜின் டைஜஸ்ட் மூன்று இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார்.

மாற வேண்டியது கன்ஃபிக் மட்டும். உன் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும். டேட்டாபேஸ் முகவரி, பேமென்ட் கேட்வே சாவி, எஸ்எம்எஸ் சாவி எல்லாம் ஸ்டேஜிங்குக்கென்று தனியாக இருக்கட்டும். ஒன்று விடுபட்டால் அப்ளிகேஷன் எழும்பவே கூடாது. கோடுக்குள் கிடக்கும் டீஃபால்ட் மதிப்பை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓடுவதுதான் ஆபத்து. அந்த டீஃபால்ட் பல இடங்களில் புரொடக்‌ஷனைத்தான் காட்டும். ஸ்டேஜிங்கில் இரவு ஓடும் ஒரு ஜாப், 'உங்கள் தவணை நிலுவையில் உள்ளது' என்று நிஜமான எண்களுக்குச் செய்தி அனுப்பினால், அதைப் படித்துப் பதறுவது பணத்தை ஒழுங்காகக் கட்டிய ஒரு குடும்பம். ஆகவே கன்ஃபிக்கை மட்டும் நம்பி நிற்காதே. ஸ்டேஜிங் சர்வருக்குள் போய், அங்கிருந்து புரொடக்‌ஷன் டேட்டாபேஸைத் தொட முயன்று பார். நெட்வொர்க்கே தடுக்க வேண்டும். தடுக்காவிட்டால் வேலை முடியவில்லை.

இன்னொன்று. செலவு மிச்சம் என்று ஸ்டேஜிங்கை ஒரே சர்வரில் போடச் சொல்வார்கள். குறைந்தது இரண்டு சர்வராவது கேள். அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று பட்டது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 8 சர்வர்களில் 7-இல்தான் புதிய கோடு ஏறியிருந்தது. மிச்சமிருந்த ஒன்றில், வருடக்கணக்காக யாரும் பயன்படுத்தாத பழைய கோடு உயிர்பெற்று ஆர்டர்களைக் கொட்டியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். கையால் ஏற்றிய வேலையை இரண்டாவது ஆள் யாரும் சரிபார்க்கவில்லை. 'சில சர்வரில் ஏறியது, சிலதில் ஏறவில்லை' என்ற இந்தக் கோளாறு ஒற்றைச் சர்வரில் தலைகாட்டவே காட்டாது. டிப்ளாய் முடிந்ததும் ஒவ்வொரு சர்வரிடமும் பதிப்பைக் கேட்டு, ஒன்று மாறினாலும் பைப்லைன் சிவப்பாகும்படி ஒரு படி எழுது.

புரொடக்‌ஷனுக்கு முன் ஒருவர் ஒப்புதல் தரும்படி வை. அந்த ஒருவர், மாற்றத்தை எழுதியவராக இருக்க வேண்டாம்.

முதல் டிப்ளாய் பச்சையானதும் எல்லாரிடமும் சொல்லிவிடாதே. அன்றைக்கே முந்தைய பதிப்புக்கு ரோல்பேக் செய். புதிய பதிப்பு டேபிளில் ஒரு நெடுவரிசையை நீக்கியிருந்தால் பழைய கோடு அங்கேயே விழும். விழுந்தால் மைக்ரேஷனை இரண்டாகப் பிரி: முதலில் கோடு அந்த நெடுவரிசையைத் தொடாமல் இருக்கட்டும், அடுத்த ரிலீஸில் நெடுவரிசையை நீக்கலாம். அந்த யாம்லை எனக்கு அனுப்பு, உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்