வீட்டில் மூலிகைத் தேநீர்: அவிப்பதும் நிறுத்துவதும்

ஊரை விட்டு வெளிக்கிட்டவர்கள் எதை எதை இழந்தோம் என்று கணக்குச் சொல்லும்போது வீடு, கிணறு, மாடு, நெல் மூடை என்று சொல்வார்கள். வேலியைச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தின் மற்றப் பகுதிகளிலிருந்தும் நடந்து வந்த குடும்பங்களுக்கு அந்த வேலியும் கோடிப்புறமும் ஒரு மருந்துப் பெட்டியாகவே இருந்தன. வேலியில் ஆடாதோடை, கிணற்றடியில் கற்பூரவள்ளி, தோட்ட வரம்பில் தேங்காய்ப்பூக்கீரை, வெறுங்காணியில் ஆவரசு. பிள்ளைக்குத் தடிமன் என்றால் அம்மம்மா எழும்பிப் போய் நாலு இலை ஆய்ந்து வருவார். தறப்பாள் கொட்டிலுக்கு வேலி ஏது? நிவாரணத்தில் வந்தது சீனி. ஆகவே எல்லாவற்றுக்கும் சீனி போட்ட பிளேன்ரீ என்பது வழக்கமாயிற்று. முகாமை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்த வழக்கம் பல வீடுகளில் மாறவில்லை.

நாமும் ஒரு காலத்தில் கூட்டங்களில் “பிளேன்ரீயை விட்டு மூலிகைத் தேநீர் குடியுங்கள்” என்று இலகுவாகச் சொல்லித் திரிந்தோம். ஒரு பிடி ஆவரசம்பூ எடுக்க ஒரு முழ நிலம் இல்லாதவர்களுக்கு அதைச் சொல்கிறோம் என்பது பின்புதான் உறைத்தது. எனவே இந்தப் பாடத்தில், குறைந்த இடத்திலும் குறைந்த செலவிலும் செய்யக்கூடியதை மட்டும் பார்ப்போம். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம் எது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். மூலிகைத் தேநீரின் பாதி நன்மை அதில் உள்ள கொதித்த நீரிலேயே இருக்கிறது. நீர் நன்றாகக் குமிழி விட்டுக் கொதித்தால் வயிற்றோட்டக் கிருமிகள் சாகும். ஆனால் கொதிப்பதால் போகாதவையும் உண்டு. யாழ்ப்பாணத் தோட்டக் கிணறுகளில் உரத்தால் சேரும் நைத்திரேற்றும், வவுனியா, அநுராதபுரம் பக்கத்துக் குழாய்க்கிணறுகளில் உள்ள புளோரைட்டும் கொதிக்கக் கொதிக்கக் குறையாது. நீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடும். “நாலு கோப்பை ஒரு கோப்பையாக வற்றக் காய்ச்சு” என்று பழைய முறையில் சொல்வதை நாளாந்தத் தேநீருக்குப் பின்பற்ற வேண்டாம். பாதியாக வற்றினால் போதும். கூடுமானால் பரிசோதித்த நல்ல கிணற்று நீரை அல்லது சேகரித்த மழைநீரைப் பாவியுங்கள்.

அவிக்கும் முறையில் ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தால் போதும். பூவும் மெல்லிய இலையும் கொதிக்கக்கூடாது. கேத்திலை இறக்கி, கொதிநீரை அவற்றின் மேல் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். மூடாவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும், அந்த வாசனையில்தான் துளசியின் குணம் இருக்கிறது. விதை, வேர், பட்டை ஆகியவை கடினமானவை. அவற்றை இடித்து, மெல்லிய நெருப்பில் பத்துப் பதினைந்து நிமிடம் அவிக்க வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்த கொத்தமல்லியை எடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி மல்லியை வெறுஞ்சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, சுண்டுவிரல் நுனியளவு வேர்க்கொம்போடு தட்டி, நாலு கோப்பை நீரில் போட்டு இரண்டு கோப்பையாக வற்றவிடுங்கள். தடிமன், உடம்பு நோ, வாய்க்கசப்பு உள்ளவர்களுக்கு இது இதமானது. சிங்கள அயலவர்கள் இதோடு பற்படாகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள் சேர்த்துப் ‘பஸ்பங்குவ’ என்று காய்ச்சுவார்கள். கடைகளில் பொதியாகவும் கிடைக்கும். மரமஞ்சள் காட்டில் அருகி வரும் கொடி. வெறும் தடிமனுக்கு மல்லியும் வேர்க்கொம்பும் போதும், அந்தக் கொடியைத் தேடி வெட்ட வேண்டியதில்லை.

ஆவரசம்பூவை வெயில் தணிந்த பின் ஆய்ந்து, சுளகில் பரப்பி, நிழலில் காய விடுங்கள். கையில் எடுத்தால் நொறுங்க வேண்டும். ஈரம் இருந்தால் போத்தலில் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்ததைத் தெரிந்தெடுத்துப் பாவிக்காமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள். ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி உலர்ந்த பூ அளவானது. வில்வம்பூவும் இப்படியே. சீனி போடாமல் ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது எமது முன்னோர் முறை. பனங்கட்டியும் இனிப்புத்தான் என்றாலும், கடித்துக் குடிப்பவர் மூன்று கரண்டி கரைத்துக் குடிப்பவரைவிடக் குறைவாகவே உண்பார்.

இந்த ஆவரசின் பட்டையைத் தோல் பதனிடுவதற்குப் பாவிப்பார்கள். தோலை இறுக்கும் அதே துவர்ப்புப் பொருள் தேயிலையிலும் உண்டு. அது உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். கீரையும் பருப்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு உடனே தேநீர் குடிக்கும் கர்ப்பிணித் தாய், அந்தக் கீரையின் பயனில் ஒரு பகுதியை இழக்கிறார். எனவே எந்தத் தேநீரானாலும் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ பின்போ குடியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைத் தேநீரோடு விழுங்கவே வேண்டாம். தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்கலாம்.

ஆடாதோடை இருமலுக்கு நல்லது என்பது வெறும் பாட்டி கதையல்ல. அதன் இலையிலுள்ள ஒரு பொருளிலிருந்தே, சளியை இளக்குவதற்கு மருந்துக் கடைகளில் விற்கும் புரோம்ஹெக்சின் உருவாக்கப்பட்டது. ஆனால் அதே இலை கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. நீரிழிவுக்காரர் ஆவரசம்பூவை நம்பிக் குளிசையை நிறுத்துவதும் எமக்கு அடிக்கடி தென்படுகிறது. தேநீர் குடிப்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள், குளிசையை அவர் சொன்னபடி போடுங்கள். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு ஓமத்தண்ணீரும் வேண்டாம், மல்லித்தண்ணீரும் வேண்டாம், தாய்ப்பால் மட்டுமே. ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

காய்ச்சலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எமக்குத் தெரிந்த ஒரு தாய், மகனுக்கு ஐந்து நாளாக மல்லி அவித்துக் கொடுத்தார். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. சுகம் வந்துவிட்டது என்று நினைத்தார். அன்று மாலையே பிள்ளையின் கைகால் குளிர்ந்துபோயிற்று. அது டெங்கு. பிள்ளை பிழைத்துக்கொண்டான், ஆனால் பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகே. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்து ஏறும் நேரம் என்பதை அந்தத் தாய்க்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. நாமும் சொல்லவில்லை.

எனவே காய்ச்சல் தொடங்கினால் நீராகாரம் நிறையக் கொடுங்கள், மல்லித்தண்ணீரும் கொடுக்கலாம். ஆனால் ஆவரசம்பூ, பிளேன்ரீ போன்ற சிவந்த, கறுத்த பானங்களை நிறுத்துங்கள். பிள்ளை சத்தி எடுத்தால் அதில் இரத்தம் இருக்கிறதா என்று அந்த நிறத்தில் கண்டுபிடிக்க முடியாது. பனடோல் தவிர வேறு நோக்குளிசை வேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் நின்றால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வயிற்றில் கடும் நோ, விடாத சத்தி, இரத்தக் கசிவு, சோர்ந்து தூங்குதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்றேனும் கண்டால் நாளை எண்ணாமல் உடனே கொண்டுபோங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

வயலில் இறங்குபவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் இருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வயல் வேலை செய்வதை வைத்தியரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். வயிற்றோட்டத்துக்கும் மூலிகைத் தேநீர் போதாது. ஜீவனிப் பொதியைக் கரையுங்கள். அது இல்லாவிட்டால் கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி கொடுங்கள்.

புதிய இடத்தில் குடியேறியவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. இலை ஒன்றுபோலத் தெரியும், செடி வேறாக இருக்கும். பெல்ஜியத்தில் மெலிவதற்காக மூலிகைக் குளிசை எடுத்த நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் பழுதடைந்தது 1993இல் வெளியே வந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக ஈசுரமூலி இனத்துச் செடி அதில் கலந்திருந்தது. எமது ஈசுரமூலியிலும் அந்த நஞ்சு உண்டு. பிலிம்பிக்காய்ச் சாற்றைக் கோப்பை கோப்பையாகக் குடித்தும் சிறுநீரகம் கெட்டவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரக நோய் ஏற்கெனவே பரவியுள்ள உலர் வலயத்தில் நாம் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். அவ்விடத்துப் பரியாரியார் அல்லது மூத்த ஒருவர் செடியைக் கையில் பிடித்துக் காட்டாமல் ஆய வேண்டாம். வெங்காயம், புகையிலைத் தோட்ட ஓரத்தில் ஆய வேண்டாம், அங்கு என்ன அடிக்கப்பட்டது என்பது கமக்காரராகிய உங்களுக்கே தெரியும். வன்னியில் மிதிவெடிப் பலகை நட்ட காணிக்குள் எந்த மூலிகைக்காகவும் கால் வைக்க வேண்டாம்.

சொந்தக் காணி இன்னும் கிடைக்காதவர்கள் பால்மாப் பேணியில் தொடங்கலாம். அடியில் மூன்று துளை, பாதி மண், பாதி மக்கிய எரு. கற்பூரவள்ளி ஒரு கிளையை ஒடித்துக் குத்தினாலே பிடிக்கும். துளசி விதையைத் தூவினால் போதும். எலுமிச்சைப்புல்லுக்குப் பெரிய வாளி வேண்டும், முகம் கழுவிய நீரே அதற்குப் போதும். காணி விடுபட்டால் பேணிகளைத் தூக்கிக்கொண்டே போகலாம். ஆடாதோடையை மட்டும் பேணியில் வைக்காமல், முற்றிய தடியாக வெட்டி ஐப்பசி மழையோடு வேலிக்கரையில் ஊன்றுங்கள். இருப்பது வாடகை வளவென்றால் முதலில் காணிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆடு மாடு தின்னாத வேலி என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.