யார் இந்த ஃபாஷ்னியர்? வங்கி ஸ்டேட்மென்டில் வரும் தெரியாத பெயர்கள்

திங்கட்கிழமை காலை. பனியன் கம்பெனி ஆபீசில் டேலியைத் திறந்து வங்கி ஸ்டேட்மென்டோடு டிக் அடித்துக்கொண்டு வரும்போது ஒரு வரி இடிக்கிறது. 1,847 ரூபாய் டெபிட், பெயரோ யாரும் கேள்விப்படாதது. "இது யாருங்க?" என்கிறார் ஓனர். சாம்பிளுக்கு வாங்கிய ஜிப்பா, மெஷினுக்கு வாங்கிய ஊசியா, யாரோ வரவழைத்த பிரியாணியா, இல்லை திருட்டா? இதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுகிற கணக்கருக்கு அந்த ஆபீசில் மதிப்பே தனி. கற்றுக்கொள்ளக் கடினமான வேலையும் இல்லை. வரியில் இருக்கும் பெயரைக் கடைசியாகப் படிக்கப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

ஏனென்றால் ஏமாற்றுவது அந்தப் பெயர்தான். ஸ்டேட்மென்டில் வருவது பெரும்பாலும் கடையின் பெயரல்ல, கடையை நடத்தும் நிறுவனம் வங்கியில் பதிந்த பெயர். மீஷோவை நடத்திய நிறுவனம் பல ஆண்டுகள் ஃபாஷ்னியர் டெக்னாலஜீஸ் என்ற பெயரில் இருந்தது. ஸ்விக்கி நெடுநாள் பண்டில் டெக்னாலஜீஸ். பேடிஎம் என்றால் ஒன் 97 கம்யூனிகேஷன்ஸ், நைகா என்றால் எஃப்எஸ்என். சொமேட்டோ நிறுவனம் 2025இல் எடர்னல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பொருள் கைக்கு வந்ததும் டெலிவரி பையனின் க்யூஆர் கோடில் பணம் போட்டிருந்தால் கடையின் பெயர் சுத்தமாக இருக்காது, கூரியர் நிறுவனம்தான் தெரியும். ஃபிளிப்கார்ட்டின் இகார்ட்டுக்குப் பின்னால் இருப்பது இன்ஸ்டாகார்ட் சர்வீசஸ். சின்னக் கடைகள் என்றால் ரேசர்பே, பேயு, கேஷ்ஃப்ரீ, பில்டெஸ்க், சிசிஅவென்யூ என்று நடுவில் பணம் வாங்கித் தரும் கேட்வேயின் பெயர் மட்டும் வரலாம். வெளிநாட்டு லேபிளுக்குத் தைத்துக் கொடுத்துவிட்டுத் தன் பெயர் எங்கும் தெரியாமல் இருக்கும் ஊர் நம் திருப்பூர். நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

முதலில் பார்க்க வேண்டியது தொகையை. 1847 என்று காற்புள்ளி இல்லாமலும் 1,847 என்று காற்புள்ளியோடும் எஸ்எம்எஸ்ஸிலும் கம்பெனி மின்னஞ்சலிலும் தேடுங்கள். ஆர்டர் உறுதிக் கடிதம் இருந்தால் அங்கேயே முடிந்துவிடும். அடுத்தது தேதி. கிரெடிட் கார்டில் வாங்கிய நாள் ஒன்று, கணக்கில் ஏறும் நாள் இன்னொன்று. ஆகவே முன்னால் நான்கைந்து நாள் தள்ளியும் தேடுங்கள். யுபிஐ என்றால் வரியின் நடுவில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். பணம் அனுப்பிய ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் அதே எண், நேரம், அனுப்பும்போது எழுதிய குறிப்பு எல்லாம் கிடைக்கும். "மதியம் 1.20க்கு, பேக்கிங் செக்‌ஷன் போனிலிருந்து" என்று தெரிந்துவிட்டால் பாதி மர்மம் தீர்ந்தது.

கம்பெனிக் கொள்முதலுக்கு இன்னொரு வழியும் உண்டு. பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தின் தேடலில் போட்டால் சட்டப் பெயர், வணிகப் பெயர் இரண்டையும் காட்டும். பில்லே தொலைந்திருந்தால், உங்கள் எண்ணைக் கொடுத்து வாங்கிய கொள்முதல் ஜிஎஸ்டிஆர்-2பியில் விற்றவரின் பெயரோடு வந்து நிற்கும். உள்ளீட்டு வரிக்காக எப்படியும் மாதாமாதம் திறக்கிற பக்கம்தானே.

எதோடும் பொருந்தாத தொகையை 1.18ஆல் வகுத்துப் பாருங்கள். 17.70 என்றால் 15, 147.50 என்றால் 125, 236 என்றால் 200, 590 என்றால் 500. இப்படி முழு எண் வந்தால் அது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த கட்டணம். எஸ்எம்எஸ் கட்டணமோ, கார்டின் ஆண்டுக் கட்டணமோ, திரும்பிப் போன தவணைக்கான அபராதமோ, பெரும்பாலும் வங்கியே எடுத்ததுதான்.

மாதாமாதம் ஒரே தேதியில், ஒரே தொகையில் போகிறதா? அது ஆட்டோபே. 2021 அக்டோபர் 1 முதல் கார்டிலிருந்து இப்படித் தானாக எடுக்கும் பணத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காது. அந்தத் தகவல் யாருடைய போனுக்கு வருகிறது என்பதில்தான் சிக்கல். டிசைன் சாஃப்ட்வேருக்கு மெர்ச்சன்டைசர் கம்பெனி கார்டைக் கொடுத்திருப்பார், அவரே வேலையை விட்டுப் போயிருப்பார், சந்தா மட்டும் போய்க்கொண்டே இருக்கும். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. யுபிஐ ஆப்பின் ஆட்டோபே பகுதியிலோ வங்கியின் ஆப்பிலோ அந்த மேன்டேட்டை ரத்து செய்ய வேண்டும். ஆள் விலகும்போது லேப்டாப்பையும் சாவியையும் திருப்பி வாங்குகிறோம். கம்பெனி கார்டை எந்தெந்தத் தளத்தில் கொடுத்தார் என்ற பட்டியலையும் அன்றே எழுதி வாங்குங்கள்.

எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு இன்னொன்று. 2020 அக்டோபரிலிருந்து புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வருகிறது, வேண்டுமென்றால் நாம்தான் திறக்க வேண்டும். கண்காட்சிக்கோ பையரைப் பார்க்கவோ போகும்போது திறந்துவிட்டு, ஊர் திரும்பியதும் மூட மறந்துவிடுகிறார்கள். பல வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்பதில்லை. கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் பின்பக்க மூன்று இலக்கமும் கிடைத்தால் அந்தத் தளங்களுக்குப் போதும். டாலரில் ஒரு வரி வந்து ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை என்றால் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் கார்டை முடக்குங்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் வரிகளுக்கும் அப்படியே. புதுச் சந்தா தொடங்கும்போது சரிபார்ப்புக்காக எடுத்துத் திருப்பித் தருவது வழக்கம்தான். ஆனால் யாரும் எதுவும் தொடங்காதபோது அப்படி வந்தால், திருடன் கார்டு ஓடுகிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கலாம்.

மூன்று வேலைநாள்

எல்லாத் தேடலும் தோற்றால் கடிகாரத்தைப் பாருங்கள். 2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, நம் அனுமதியில்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனையில் யார் எவ்வளவு நஷ்டம் ஏற்க வேண்டும் என்று பிரிக்கிறது. வங்கி மேலும் தவறில்லை, நம் மேலும் தவறில்லை, வேறெங்கோ கசிந்தது என்றால், வங்கியின் தகவல் வந்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலைநாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டம் கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலைநாளுக்குள் சொன்னால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கும் சிறுதொழில் நடப்புக் கணக்குக்கும் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நம் தலையில் விழும். ஏழு வேலைநாளைத் தாண்டினால் அந்த வங்கியின் சொந்தக் கொள்கைதான் முடிவு செய்யும்.

கணக்கு ஓடத் தொடங்குவது ஸ்டேட்மென்டைப் பார்த்த நாளிலிருந்து அல்ல, தகவல் வந்த நாளிலிருந்து. வியாழக்கிழமை எஸ்எம்எஸ் வந்தது, அந்த வாரம் இரண்டாம் சனி என்றால் வெள்ளி, திங்கள், செவ்வாய் மூன்றும்தான் உங்களுக்கு இருப்பவை. சனிக்கிழமைச் சம்பளப் பட்டுவாடா பரபரப்பில் அந்த எஸ்எம்எஸ்ஸை யாரும் பார்க்க மாட்டார்கள். மாதக் கடைசியில் மொத்தமாக ஒப்பிடும் கம்பெனி இந்தச் சலுகையை இழந்த பிறகுதான் கணக்கையே திறக்கிறது. வாரம் இரண்டு முறையாவது ஒப்பிடுங்கள்.

புகார் சொன்னால் பத்து வேலைநாளுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாகக் கணக்கில் வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்கே. ஆனால் ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரை போனதெல்லாம் உங்கள் நஷ்டம். எதுவானாலும் புகார் எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மோசடி என்று தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. வங்கி 30 நாள் பதில் சொல்லாவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேன். அதற்கான உதவி எண் 14448.

இதில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. தெரியாத நிறுவனத்தின் கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடாதீர்கள். போலி எண்களைப் போட்டுவைத்து, "ரீஃபண்ட் தருகிறோம், இந்த ஆப்பை இறக்குங்கள்" என்று சொல்வதற்கென்றே ஆட்கள் காத்திருக்கிறார்கள். 1,847 ரூபாயைத் தேடப் போய் மொத்தக் கணக்கும் காலியாகும். கார்டின் பின்புறம் இருக்கும் எண் போதும்.

தொழிலாளர்கள் கேட்டால்

ஹெச்.ஆர். மேசைக்கும் இதே கேள்வி வரும். மே மாதக் கடைசியில் டெய்லர்களும் செக்கிங் பெண்களும் போனை நீட்டி, "436 ரூபாய் போயிருச்சுங்க, 20 ரூபாய் போயிருச்சுங்க" என்பார்கள். 436 பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, 20 சுரக்‌ஷா விபத்துக் காப்பீடு. ஜூன் 1 முதல் மறு ஆண்டு மே 31 வரை காப்பீடு, தலா இரண்டு லட்சம். கணக்கு தொடங்கும்போது போட்ட கையெழுத்துகளில் ஒன்று இதற்கானது, திருட்டல்ல. ஆனால் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களில் பலருக்கு ஊரில் ஒரு கணக்கு, இங்கே சம்பளக் கணக்கு ஒன்று. இரண்டிலும் பிடித்தாலும் காப்பீடு ஒன்றுக்குத்தான் கிடைக்கும். ஒரு கணக்கில் எழுதிக் கொடுத்து நிறுத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக, வாங்குபவர்களுக்கு அல்ல, விற்பவர்களுக்கு. காதர்பேட்டையிலிருந்து இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸாப்பிலும் டி-ஷர்ட் விற்கும் சிறு வியாபாரி, டெல்லியில் இருப்பவரின் ஸ்டேட்மென்டில் தெரியாத பெயராக நிற்கிறார். கடைக்கு ஸ்டைலான ஆங்கிலப் பெயர், வங்கியில் குலதெய்வத்தின் பெயரில் டெக்ஸ்டைல்ஸ். வாங்கியவர் பயந்து வங்கியில் சார்ஜ்பேக் போட்டால் பணம் நிற்கும். கேட்வே கொடுக்கும் கெடுவுக்குள் பில்லும் கூரியர் டெலிவரி அத்தாட்சியும் அனுப்பாவிட்டால் போயே போகும். பிராண்டு பெயரையே காட்ட முடியுமா என்று கேட்வேயிடம் கேளுங்கள். ஆர்டர் மெசேஜிலேயே "ஸ்டேட்மென்டில் இந்தப் பெயர் வரும்" என்று ஒரு வரி சேருங்கள். என்ன பெயர் வருகிறது என்று உங்களுக்கே தெரியாவிட்டால், வேறு வங்கியில் கணக்கு வைத்திருக்கும் நண்பரை உங்கள் கடையில் இந்த வாரமே ஒரு பனியன் வாங்கச் சொல்லி, அவருடைய ஸ்டேட்மென்டை வாங்கிப் பாருங்கள்.