ஷட்டில் பேட் ஸ்ட்ரிங் தளர்கிறதா?

கரமனையில் மாலை வேளையில் ஷட்டில் ஆடுகிறவர்கள் கவனிக்க: புதிதாகப் போட்ட ஸ்ட்ரிங், ஆடாமல் வைத்திருந்தாலும் முதல் நாளிலேயே சற்றுத் தளரும். நைலான் இழையின் இயல்பு அது. 24 பவுண்டு இழுவிசையில் கட்டியது 24-லேயே நிற்காது. ஆட ஆட, குறுக்கிழையும் நெட்டிழையும் உரசி, நடுப்பகுதியில் ரம்பப் பல்லைப் போல வெட்டு விழும். விரலால் இழையை ஒதுக்கிப் பாருங்கள், தெரியும். அடிக்கும் ஓசை மந்தமானாலும், இழைகள் அடிக்கடி இடம் விலகினாலும் மாற்றிவிடுவதே நல்லது. வாரம் மூன்று நாள் ஆடுபவர் ஆண்டுக்கு மூன்று முறை மாற்றலாம் என்பது ஆட்டக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டை விடவே விடாதீர்கள். சூடு இழையை இளக்கும். ஓரிழை அறுந்தால் மற்றவற்றையும் உடனே நடுவிலிருந்து வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஃபிரேமே கோணிவிடும்.