டாக்கர் இமேஜுக்குப் பெயர் வைப்பது எப்படி?

போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாடம் சுலபம். அங்கே விற்பனைக்கு வரும் சரக்குக்கு லாட் எண் உண்டு. ஆனால் '25-ஆம் லாட்' என்று மட்டும் சொன்னால் போதாது. அடுத்த ஏலத்திலும் 25-ஆம் லாட் வரும். சரக்கு வேறாக இருக்கும். தேதியும் ஏல நிறுவனத்தின் பெயரும் சேர்ந்தால்தான் எந்தச் சரக்கு என்று தெரியும். டாக்கரிலும் இதே கதைதான்.

2013-இல் வெளிவந்த டாக்கர், ஒரு புரோகிராமையும் அது ஓடத் தேவையான பைல்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருகிறது. இந்தப் பொட்டலத்துக்கு இமேஜ் என்று பெயர். (போட்டோ என்று நினைத்துவிடாதீர்கள்!) அதை இயக்கினால் கிடைப்பது கன்டெய்னர்.

இமேஜின் பெயரில் கோலன் குறிக்கு முன்னால் இருப்பது பெயர், பின்னால் இருப்பது டேக். நீங்களே ஒரு கணக்குப் புரோகிராம் எழுதியிருந்தால், அந்த போல்டருக்குள் சென்று கீழ்க்கண்டவாறு ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்து என்டர் கீயைத் தட்டவும்.

டாக்கர் பில்ட் -டி ஏலக்கணக்கு:1.0 .

கடைசியில் உள்ள புள்ளியை விட்டுவிடாதீர்கள். 'இந்த போல்டரிலிருந்தே எடுத்துக்கொள்' என்பது அதன் பொருள். பெயரில் பெரிய எழுத்து இருந்தால் பிழைச் செய்தி வரும். டேக்கில் பெரிய எழுத்து வரலாம். 128 எழுத்து வரை இடம் உண்டு.

டேக் எதுவும் தராவிட்டால் டாக்கர் தானாகவே 'லேட்டஸ்ட்' என்று வைத்துக்கொள்ளும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். லேட்டஸ்ட் என்றால் புதியது என்று உறுதி கிடையாது. அது வெறும் பெயர்தான். உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இறங்கிய லேட்டஸ்ட் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. 'டாக்கர் புல்' கொடுத்தால், அன்றைக்கு அந்தப் பெயர் எந்த இமேஜைக் குறிக்கிறதோ அது வந்து இறங்கும்.

நான் பட்டது இதுதான். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் நண்பருக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை லேட்டஸ்ட் என்று போட்டுக் கொடுத்திருந்தேன். அப்போது அது 15-ஆம் பதிப்பு. 2023 செப்டம்பரில் 16 வெளிவந்தது. அது தெரியாமல் ஓர் ஏல நாளன்று காலையில் புல் கொடுத்துவிட்டேன். டேட்டாபேஸ் திறக்க மறுத்தது. யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கெல்லாம் அதற்குள்ளே! நண்பர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 15-இல் எழுதிய பைல்களை 16 நேரடியாக ஏற்காது என்பது பிறகுதான் புரிந்தது. டேக்கை 15 என்று மாற்றி இயக்கியதும் கணக்கு அப்படியே வந்தது. புதிய பதிப்புக்குப் போக வேண்டுமானால், பழையதை ஓடவிட்டு 'பிஜி டம்ப்' மூலம் தகவல்களை வெளியே எடுத்து, புதியதில் ஏற்ற வேண்டும்.

டேக்கை எப்போது வேண்டுமானாலும் வேறு இமேஜுக்கு மாற்றலாம் என்பதையும் கவனிக்கவும். நீங்கள் அதே 1.0 என்ற டேக்கில் மறுபடி பில்ட் செய்தால் பெயர் புதியதற்குப் போய்விடும். பழையது பெயரில்லாமல் நிற்கும். எனவே திருத்தம் செய்யும்போதெல்லாம் 1.1, 1.2 என்று எண்ணைக் கூட்டுங்கள். 'டாக்கர் டேக்' கட்டளையால் ஒரே இமேஜுக்கு இரண்டு பெயர் வைக்கலாம். ஹார்ட் டிஸ்கில் இரட்டை இடம் பிடிக்காது.

மாறவே மாறாத அடையாளம் வேண்டுமானால் டைஜஸ்ட் இருக்கிறது. எஸ்எச்ஏ256 என்று தொடங்கி 64 எழுத்தும் எண்ணுமாக நீளும். கையால் டைப் செய்ய முயல வேண்டாம், காப்பி செய்து ஒட்டிக்கொள்ளுங்கள்.