மாநிலக் கணக்கும் மனிதர் கணக்கும்

புள்ளியியல் வகுப்பில் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடக் கற்கிறோம். எண்களைச் சூத்திரத்தில் இட்டால் விடை வந்துவிடும். அந்த விடை யாரைப் பற்றியது என்று கேட்க நம்மில் பலருக்குத் தோன்றுவதில்லை. சமூகவியலில் இக்கேள்வியை அழுத்தமாக எழுப்பியவர் டபிள்யூ. எஸ். ராபின்சன் என்னும் அமெரிக்க அறிஞர். 1950-இல் வெளியான அவரது கட்டுரை சிறியதுதான்; ஆயினும் சமூக ஆய்வு கற்போர் அதைத் தாண்டிச் செல்ல முடியாது.

அவர் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் 1930-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு. ஒவ்வொரு மாநிலத்திலும் அயல்நாட்டில் பிறந்தோர் எத்தனை விழுக்காடு, எழுத்தறியாதோர் எத்தனை விழுக்காடு என்று பார்த்து, இரண்டுக்கும் உள்ள ஒட்டுறவைக் கண்டார். விடை -0.53. அதாவது அயல்நாட்டார் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவு. அப்படியானால் குடியேறியவர்களே அதிகம் படித்தவர்கள் என்று முடிவு கட்டலாமா? தனி ஆட்களைக் கொண்டு கணக்கிட்டபோது கெழு +0.12 ஆயிற்று. குறியே மாறிவிட்டது! குடியேறியவர்களிடையேதான் எழுத்தறியாமை சற்று அதிகம். அவர்கள் சென்று தங்கிய மாநிலங்களில் உள்நாட்டார் நன்கு படித்திருந்தனர் என்பதே காரணம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 'அ' மாநிலத்தில் 100 பேர். அயல்நாட்டார் 30, அவர்களில் எழுத்தறியாதோர் 3. உள்நாட்டார் 70, எழுத்தறியாதவர் ஒருவர். 'ஆ' மாநிலத்திலும் 100 பேர். அயல்நாட்டார் 5, எழுத்தறியாதவர் ஒருவர். உள்நாட்டார் 95, எழுத்தறியாதோர் 9. அயல்நாட்டார் மிகுந்த 'அ'வில் எழுத்தறியாமை 4 விழுக்காடு, 'ஆ'வில் 10. ஆனால் எந்த மாநிலத்துக்குள் நுழைந்து பார்த்தாலும் அயல்நாட்டாரின் விழுக்காடே கூடுதல். இதைத் தாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நான் இரண்டு முறை போட்ட பிறகே நம்பினேன்.

மாவட்டத்தின் எழுத்தறிவு விழுக்காட்டைக் கண்டதும் அங்கிருந்து வரும் மாணவனை எடைபோடும் வழக்கம் நம்மிடையே உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்த என்னைப் போன்றோர்க்கு இது வெறும் கணக்குச் சிக்கல் அன்று.

அப்படியாயின் மாவட்ட அட்டவணைகள் ஆய்வுக்குப் பயன்படாவா? 1953-இல் டங்கனும் டேவிசும் ஒரு வழி காட்டினர். மொத்தங்கள் மட்டும் தெரிந்தாலும், உள்ளிருக்கும் எண்ணின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் கண்டுவிடலாம் என்றனர். நம் கணக்கில் மொத்தங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைத்துவிடுவோம். எழுத்தறியாத அயல்நாட்டார் 'அ'வில் 0 முதல் 4 வரை, 'ஆ'வில் 0 முதல் 5 வரை எத்தனை பேராகவும் இருக்கலாம்.